போர்க்கால போஸ்டர் பசில்: ஊட்டி, குன்னூரில் வாங்குகிறவர்கள் கவனிக்க

சீசன் ஆரம்பித்ததிலிருந்து மலைமேல் சில பரிசுப்பொருள் கடைகளில் "உலகப்போர் ஒரிஜினல் போஸ்டர், 1000 துண்டு ஜிக்சா" என்று ஒரு செட் விற்கிறார்கள். இரண்டு பெட்டி, விலை 2,800 ரூபாய். தயவுசெய்து வாங்காதீர்கள். அப்பாவுக்காக வாங்கி, நன்றாக ஏமாற்றப்பட்டிருக்கிறோம்.

அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஜூன், ஜூலை மழையில் வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் மேஜை நிறையப் பசிலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு உலகப் போருக்கும் வெடிமருந்து செய்து அனுப்பிய இடத்தில் வேலை பார்த்தவர் என்பதால், யுத்தக் கதை என்றால் அவருக்குத் தனிப் பிரியம்.

முதல் பெட்டியின் மேல் "1942, இரண்டாம் உலகப்போர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. படமோ, மீசையோடு விரலை நீட்டும் பிரிட்டிஷ் ராணுவத் தளபதி கிச்சனர் பிரபு. அப்பா பார்த்த உடனே, "இவர் 1916லயே கப்பல் முழுகி இறந்துட்டாரேம்மா" என்றார். ஆல்ஃபிரட் லீட் வரைந்து, 1914 செப்டம்பரில் லண்டன் ஒபினியன் இதழின் அட்டையில் வந்து, பிறகு முதல் உலகப்போரின் ஆள்சேர்ப்பு போஸ்டரான படம் அது. கிச்சனர் நம் ஊருக்கும் அந்நியர் இல்லை. அவர் இந்தியாவின் தளபதியாக இருந்தபோது 1905இல் தேவ்லாலியில் தொடங்கிய, ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ்தான் இன்று பாகிஸ்தானில் இருக்கும் குவெட்டாவுக்குப் போய், பிரிவினையில் பிரிந்து, நம் பங்கு 1947இல் குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு வந்தது. அப்படிப்பட்ட ஊரில் வைத்து விற்கும் பெட்டியில் இவ்வளவு பெரிய தப்பு.

இரண்டாவது, சட்டைக் கையை மடித்துவிட்டு முஷ்டியைக் காட்டும் பெண். "பெண்களைப் பட்டாளத்துக்கு அழைத்து அமெரிக்கா முழுக்க ஒட்டிய போஸ்டர்" என்கிறது பெட்டி. அதுவும் பொய். ஹோவர்ட் மில்லர் வரைந்த அந்தப் படம் 1943 பிப்ரவரியில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனித் தொழிற்சாலைகளுக்குள் இரண்டு வாரம் மாட்டி வைத்தது, அங்கே ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்காக. அது உலகப் புகழ் பெற்றது 1980களுக்குப் பிறகு. இதைப் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை புராஜெக்டில் எழுதினால் யார் பொறுப்பு?

தகவலை விடுங்கள், சரக்கைச் சொல்கிறேன். முடித்துவிட்டு ஓரத்தை எண்ணிப் பார்த்தார் அப்பா. நீளத்தில் 28, அகலத்தில் 18. பெருக்கினால் 504. ஆயிரம் துண்டு என்றால் 40க்கு 25, அல்லது 38க்கு 27 என்கிற மாதிரி வர வேண்டும். அளவும் ஏறக்குறைய 70க்கு 50 சென்டிமீட்டர் இருக்கும். இது அதில் பாதிதான். பெட்டியில் '1000' என்று இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் '500' அச்சாகியிருக்கிறது. தெரியாமல் நடந்த தவறு என்று இதை எப்படிச் சொல்வது?

அட்டை மெலிசு. கட்டை விரலால் அழுத்தினாலே மேல்தாள் பிய்ந்து சாம்பல் நிற அட்டை பல்லைக் காட்டுகிறது. பல துண்டுகள் முழுசாக வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்தால் கிழிந்தது. இந்த ஊர் ஈரத்துக்கு ஒரே வாரத்தில் உப்பிவிட்டது. கிச்சனரின் மீசை கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எங்கோ கிடைத்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இதன் தெளிவான ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கிறது, அதைக்கூட எடுக்கவில்லை. எனக்கு ரொம்பவே கோபம் வந்தது இதில்தான்: ஒரிஜினலின் அடியில் 'லண்டன் ஒபினியன் அனுமதியுடன்' என்று ஒரு சின்ன வரி உண்டு. அதை வெட்டி எறிந்துவிட்டு, பெட்டியில் தங்கள் பெயரில் காப்புரிமை போட்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் கல்லாவில் இருந்த பையன், "அக்கா, பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் கிடையாதுங்க, பில்லுலயே போட்டிருக்கு பாருங்க" என்றான். "பிரிக்காம எப்படி தம்பி துண்டை எண்றது?" என்று கேட்டேன். ஓனர் வந்து பேசட்டும் என்றான். ஓனர் வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை.

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் ஓய்ந்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

பசில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், முடிந்த பிறகு எத்தனை சென்டிமீட்டர் வரும் என்று பெட்டியில் இருக்கிறதா, தயாரித்தவர் முகவரி, மாதம், வருடம், விலை எல்லாம் அச்சில் இருக்கிறதா, மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் முகவரியே இல்லை. பில், ஸ்டிக்கர், துண்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே செட்டை வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.