ஹைலக்ஸுக்கு லிஃப்ட் கிட்: மலைரோட்டில் சில வருட அனுபவம்

டபுள் கெப் பிக்கப்பை உயர்த்த நினைக்கிற எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை இன்ச் போடலாம்?" என்றுதான். ஸ்பிரிங்கும் ஷொக்கும் மாற்றி வண்டியை 2 இன்ச் உயர்த்தும் கிட் போட்ட டொயோட்டா ஹைலக்ஸை நம்ம மலையகத்து ரோட்டில் சில வருடமாக ஓட்டுகிறேன். என்னைக் கேட்டால், அன்றாடம் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸும் கரட்டும் எடுத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோவது என் தொழில். தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறுகிற கல் ரோட்டில் குறுக்கே தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும். முன்பெல்லாம் இறங்கி ஏறும்போது பம்பர் அடி உரசாமல் வராது. இப்போது உரசுவதே இல்லை. செலவழித்த காசுக்கு அதுவே போதும். ஆனால் பின் டிஃப் (பின் ஆக்சில் நடுவிலுள்ள கியர் உருண்டை) உயர்ந்துவிட்டது என்று நம்பிக் கல்லுக்கு மேலே விடாதீர்கள். ஆக்சில் சில்லோடு இருப்பது, அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும். 265/65 ஆர்17 டயரைக் கழற்றி 265/70 ஆர்17 போட்டாலும் டிஃப்புக்கு அடியில் கூடுவது சுமார் 13 மில்லிமீற்றர்தான்.

ஓல்ட் மேன் எமு மாதிரி அவுஸ்திரேலியக் கிட்களில் ஸ்பிரிங்கைப் பாரக் கணக்குப்படி பிரித்து விற்கிறார்கள். பின்னால் எப்போதும் 300 கிலோ அளவில் சுமக்கும் வண்டிக்கான பின் ஸ்பிரிங் பட்டைகளை எடுத்தேன். மூட்டை ஏற்றினால் வண்டி அருமையாக நிற்கிறது, வால் தொங்குவதில்லை. வெறும் வண்டியில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போதுதான் கஷ்டம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். குடும்பத்தோடு பயணம் போகத்தான் வண்டி என்றால் இந்தப் பட்டை வேண்டாம், மென்மையானதை எடுங்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் பிளொக் வைத்து உயர்த்துவது மலிவுதான். ஆனால் பாரத்தோடு ஏற்றத்தில் இழுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். நம்ம ரோட்டுக்கு அது சரிவராது.

பிரேக் விஷயத்தைப் பலர் சொல்வதே இல்லை. பல ஹைலக்ஸ்களில் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி போகும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டியை உயர்த்தியதும் அதன் கணக்குத் தப்பிவிடும். மூட்டை நிறைய இருந்தாலும் வெறும் வண்டி மாதிரி அழுத்தத்தைக் குறைக்கும். ரம்பொடை இறக்கத்தில் முழுப் பாரத்தோடு இறங்குகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. என் கிட்டோடு அதற்கான பிராக்கெட் வரவில்லை. கராஜ் பாஸ் இரும்பில் ஒன்று வெட்டி, கம்பியின் நிலையைப் பழையபடி கொண்டுவந்தார். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா, கிட்டோடு பிராக்கெட் வருமா என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள்.

லைட்டும் அப்படித்தான். முன்பக்கம் கொஞ்சம் அதிகமாக உயர்வதால் வெளிச்சம் மேலே போகும், நானுஓயாப் பனிமூட்டத்தில் அது கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வரும் திரீவீல்காரர் பாவம். கிட் போட்ட அன்றே ஹெட்லைட் வெளிச்சத்தைக் கீழே இறக்கி வையுங்கள்.

வீல் எலைன்மென்ட் கட்டாயம். 2 இன்ச் வரை என் வண்டியில், முன் சில்லை மேலே பிடிக்கும் பழைய அப்பர் ஆர்மோடு சரியாக வந்தது. அதற்கு மேலே போனால் ஆர்மையும் மாற்ற வேண்டியிருக்கும், முன் சில்லைச் சுழற்றும் தண்டிலுள்ள சீவி ஜொயின்ட்டும் கோணலாக நின்று சீக்கிரம் தேயும். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்களைக் கொஞ்ச நாள் ஓடியபின் திரும்ப முறுக்குங்கள். மழைக்காலத்தில் பட்டை முனையிலுள்ள புஷ் கீச்சிடும், கிரீஸ் வைத்தால் அடங்கும்.

இப்போது முன் ஷொக் ஒன்றில் எண்ணெய் கசிய ஆரம்பித்திருக்கிறது. இரண்டையும் சோடியாக மாற்றப் போகிறேன். உயரத்தையும் பாரக் கணக்கையும் மாற்றும் எண்ணம் இல்லை.