மெய்நிகர் உலகம்: முந்திய மெட்டா, காத்திருந்த ஆப்பிள்

புதுத் தொழிலில் முந்துவது நல்லதா, காத்திருப்பது நல்லதா? கண்ணை மூடி மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்தைப் பார்க்கும் கருவிதான் ஹெட்செட். அதைச் செய்துவந்த ஆக்குலஸ் கம்பெனியை 2014 மார்ச்சில் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அறிவித்தபோது, ஆக்குலஸ் பொதுமக்களுக்கென்று ஒரு ஹெட்செட்கூட விற்றிருக்கவில்லை. ஆப்பிளோ 2024 பிப்ரவரி வரை அப்படி எதையும் கடையில் வைக்கவில்லை.

முந்தியதால் மெட்டாவுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது. முதலில் வந்த ரிஃப்ட் ஹெட்செட்டுக்கு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும், வயரும் இழுபடும். 2019இல் வந்த குவெஸ்ட் ஹெட்செட்டில் அந்தத் தொல்லை இல்லை. மறு வருடமே குவெஸ்ட் 2, 299 டாலருக்கு வந்தது. ஆனால் காசு கரைந்தது: இந்த ஹெட்செட்களைச் செய்யும் மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவின் நஷ்டம் 2023இல் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல். விளம்பர வருமானம் கொட்டுகிற கம்பெனி என்பதால் தாங்குகிறது.

ஆப்பிளின் ஹெட்செட்டான விஷன் ப்ரோவோடு கையில் பிடிக்கும் கன்ட்ரோலரே வராது. பட்டனைக் கண்ணால் பார்த்து, இரண்டு விரலைச் சேர்த்தால் போதும். சரி, விலை? 3,499 டாலர். முகத்தில், முதல் மாடலிலேயே 600 கிராமுக்குக் குறையாத கனம். பேட்டரி தனியாக வயரோடு சட்டைப் பையில். இவ்வளவு பொறுத்தும் எடைக்கு வழி பிறக்கவில்லை!

என் ஓட்டு மெட்டாவுக்கே. அந்த நஷ்டத்தைப் பல வருடம் சுமக்கத் தெம்பில்லாத கம்பெனி என்றால், ஆப்பிள் மாதிரி பொறுத்திருப்பதுதான் நல்லது.