ஆறு எழுத்துத் தகராறு: என்.எஸ்.ஆர்.எல். ஹாஷ் பட்டியலோடு பழகியதில்

"பட்டியலை இறக்கி ஓட்டினேன், ஒரு கோப்புகூடப் பொருந்தவில்லை. பழசாகிவிட்டதா?" என்று நண்பர் கேட்டிருந்தார். பழசில்லை. என்.எஸ்.ஆர்.எல். என்பது தெரிந்த மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் பட்டியல். ஹாஷ் என்றால் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி. ஒரு கணினியைச் சோதிக்கும்போது தெரிந்த கோப்புகளைக் கழித்துவிட இது உதவும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து இலவசமாகத் தருகிறது. ஹாஷை எண்களோடு ஏ முதல் எஃப் வரையுள்ள ஆறு ஆங்கில எழுத்துகளையும் கொண்டு எழுதுவார்கள். தகராறு அந்த ஆறு எழுத்தில்.

லினக்ஸின் எஸ்எச்ஏ1சம் கட்டளை கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டுச் சின்ன எழுத்தில் தரும். பட்டியலில் முழுக்கப் பெரிய எழுத்து. உரைக் கோப்பாக வந்த காலத்திலும் அப்படித்தான், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாறிய மூன்றாம் பதிப்பிலும் அப்படித்தான். எஸ்க்யூலைட்டின் சமக்குறிக்கு இரண்டும் வேறு வேறு. பிழைச்செய்தி வராது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் உட்பட எல்லாமே 'தெரியாதவை' என்று வந்து நிற்கும்.

உடனே பலரும் செய்வது, க்வெரியில், அதாவது தேடல் கட்டளையில், ஹாஷ் இருக்கும் நெடுவரிசையைத் தூக்கிச் சின்ன எழுத்தாக்கும் 'லோயர்' ஃபங்ஷனுக்குள் போடுவது. பொருந்தும்தான். ஆனால் தேடலை விரைவாக்க அந்த நெடுவரிசைக்குப் போட்டிருக்கும் சாதாரண இன்டெக்ஸ் அப்போது உதவாது. ஒவ்வொரு தேடலுக்கும் கோடிக்கணக்கான வரிகளை முதலிலிருந்து மேயும். அதற்குப் பதில் நீங்கள் கணக்கிட்ட ஹாஷ்களைப் பெரிய எழுத்தாக்கிக்கொண்டு தேடுங்கள். அதிலும் ஒரு பொறி: கோப்பின் பெயரில் பின்சாய்வுக்கோடு (\) இருந்தால், எஸ்எச்ஏ1சம் அந்த வரியின் தொடக்கத்திலேயே இன்னொரு பின்சாய்வைச் சேர்த்துவிடும். ஹாஷின் நீளம் 40 எழுத்துதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வரியின் முதல் 40 எழுத்தை வெட்டினால் ஹாஷின் கடைசி எழுத்து போச்சு. அந்தக் கோப்பு எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

0 பைட் கோப்புகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஹாஷ்தான், டிஏ39ஏ3 என்று தொடங்கும். பொருந்தினாலும் அதில் சேதி எதுவும் இல்லை.

இதெல்லாம் முடித்து ஓட்டினால் சுகமோ சுகம். டி.எல்.எல்., எழுத்துரு, உதவிக் கோப்பு என்று இயங்குதளத்தின் சாமான்கள் மூட்டைகட்டிக்கொண்டு விலகும். மனுஷன் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை மட்டும் மிஞ்சும். நிறுவும்போது அந்தக் கணினியிலேயே உருவாகும் அமைப்புக் கோப்புகள் மிஞ்சத்தான் செய்யும், அதற்குப் பட்டியலைக் குறை சொல்ல முடியாது. விலகியதெல்லாம் உத்தமம் என்றும் நினைக்க வேண்டாம். 'தெரிந்த' கோப்பு என்பதுதான் கணக்கு. ஹேக்கிங் கருவிகளும் அதற்குள் இருக்கின்றன.

இலவசமாகக் கிடைப்பதை ஆறு எழுத்துக்காகத் திட்டுவது நியாயமில்லைதான். இருந்தாலும் வாய் திறக்காமல் பூஜ்யம் காட்டுகிற ஏற்பாட்டுக்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் போட மனம் வரவில்லை. அடுத்த பதிப்பு வந்ததும் இறக்கத்தான் போகிறேன்.