மெரினாவா, மாமல்லபுரமா, முட்டமா: எந்த லைட் ஹவுஸ் ஏறலாம்?

ஏறிப் பார்க்க விடும் கலங்கரை விளக்கம் என்றால் சென்னைக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு: மெரினா, மாமல்லபுரம். ஓர் இரவு ரயிலுக்குத் தயார் என்றால் மூன்றாவதாகக் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். உயர் நீதிமன்றக் குவிமாடத்தின் மேல் 1894 முதல் 1977 வரை எரிந்த விளக்கும், அதே வளாகத்தில் நிற்கும், அதற்கும் முந்தைய கலங்கரை விளக்கமான கல்தூணும் சென்னை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு. பழவேற்காட்டுக் கோபுரம் ஏரியும் பறவைகளும் பார்க்கப் போகிறவர்களுக்கு. பாறைக் கரை தேடுகிறவர்களுக்கு அது சரிவராது, அங்கே கரை முழுக்க மணல்.

என் ஓட்டு மாமல்லபுரத்துக்கு. மெரினா சுலபம், முட்டம் அழகு. ஆனாலும் மாமல்லபுரம்தான்.

தூரம், செலவு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் வந்து கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மாமல்லபுரத்துக்கு ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 588 எண் பஸ், தாம்பரத்திலிருந்து 515. நுழைவுக் கட்டணம் எங்கேயும் பர்ஸைக் கடிக்காது. சில்லறை வைத்துக்கொண்டால் போதும்.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் வெயில். கடற்கரை என்றதும் எல்லோருக்கும் சூரிய உதயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கலங்கரை விளக்கம் அலுவலக நேரத்தில் திறக்கும் இடம். மெரினாவில் காலை 10 முதல் 1 வரை, மாலை 3 முதல் 5 வரை, திங்கள் விடுமுறை. மாமல்லபுரத்திலும் நடுப்பகல் இடைவேளை உண்டு. ஆக, உதயத்தை மேலிருந்து பார்க்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிட வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டு வேளை. அதில் எதைப் பிடிக்கிறோம் என்பதுதான் பார்க்கும் காட்சியைத் தீர்மானிக்கிறது.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலை பத்தரைக்கு மேலே போய் நின்றால் சூரியன் கடல் பக்கம்தான். தண்ணீர் தகரம் போலப் பளபளக்கும், கண் கூசும், அடிவானம் மூட்டத்தில் கரைந்துவிடும். போனில் படம் எடுத்தால் கடல் வெளுத்துப்போகும். வெளிச்சத்தைக் குறைத்தால் கரை இருண்டுவிடும். மாலை நாலு மணிக்கு அதே இடத்தில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். கடலுக்கு அப்போதுதான் நிறமே வரும்: கரையோரம் கலங்கல், அப்பால் பச்சை, அதற்கும் அப்பால் நீலம் என்று பட்டைபட்டையாகப் பிரிந்து தெரியும். டிசம்பர், ஜனவரியில் நாலரைக்கே வெயில் சாய்ந்து மஞ்சளாகிவிடும். மே, ஜூனில் ஐந்து மணி ஆனாலும் சுள்ளென்றுதான் அடிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரியில் மாலை வேளை. அதைவிட நல்ல நேரம் இந்தக் கரையில் இல்லை.

இந்த மாலை வெயிலை முழுதாகப் பயன்படுத்திக்கொள்வது மாமல்லபுரம். அங்கே கோபுரமே ஒரு பாறைக் குன்றின் மேல் நிற்கிறது. கருங்கல்லில் கட்டிய வட்டக் கோபுரம். உயரம் பெரிதல்ல, குன்றுதான் அதைத் தூக்கிக் கொடுக்கிறது. நேர் கிழக்கே கடற்கரைக் கோயில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. மாலையில் அதன் மேற்கு முகத்தில் வெயில் முழுதாக விழும், பின்னால் நீலக் கடல். தெற்கே ஐந்து ரதங்கள் பக்கம், மரங்களுக்கு நடுவே. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். அந்தப் பக்கம் மட்டும் மாலையில் கண் கூசும்.

ஏறுவதில் ஒரு சிக்கல் உண்டு. லிப்ட் கிடையாது. சுழல் படிக்கட்டு குறுகல். மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் அதே வழியில்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். கடைசிப் பகுதி ஏணி மாதிரி செங்குத்தாகி, குனிந்து நுழையும் சிறு வாசலில் போய் முடியும். முதுகில் பெரிய பை இருந்தால் அங்கேதான் மாட்டும். இறங்கும்போது முகத்தைப் படிப் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துப் பின்னோக்கி இறங்குவது பாதுகாப்பு. அதனால் போன் கையில் இருக்கக் கூடாது. கழுத்தில் மாட்டும் பட்டையோ, ஜிப் வைத்த பாக்கெட்டோ வேண்டும். வெளி மாடம் ஒடுக்கம், கடற்காற்று பலம். தொப்பி, துப்பட்டா இரண்டும் பறக்கும். முழங்கால் வலி உள்ளவர்களையும், தூக்கிச் செல்ல வேண்டிய வயதுக் குழந்தைகளையும் கூட்டிப் போக வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கும், நேரம் தவறி வந்து கதவு சாத்தியிருப்பதைப் பார்ப்பவர்களுக்கும் பக்கத்திலேயே மாற்று வழி இருப்பது மாமல்லபுரத்தின் இன்னொரு பலம். கோபுரத்தை ஒட்டி, மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் ஒலக்கணேசுவரர் கோயில் நிற்கிறது. பல்லவர் காலக் கட்டடம். இப்போதைய கோபுரம் வருவதற்கு முன் அதன் தலையில்தான் விளக்கு எரிந்தது. பாறைப் படிகள் கொஞ்சம் செங்குத்து, ஆனால் சுழல் படியின் நெருக்கடி இல்லை. காட்சி கிட்டத்தட்ட அதேதான், உயரம் மட்டும் சற்றுக் குறைவு. வழுக்குவது மழை நாளில். நூற்றாண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்த கல்லில் ரப்பர் செருப்பு நிற்காது, வெறுங்காலே நல்லது. அதே வெறுங்கால் மே மாத மதியத்தில் பொரிந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மெரினாவுக்கு வருவோம். 1977-ல் திறந்த முக்கோண வடிவக் கோபுரம், சிவப்பு வெள்ளைப் பட்டை, 45 மீட்டருக்குச் சற்று மேல். பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் மூடிக் கிடந்து 2013 நவம்பரில் மக்களுக்குத் திறந்தது. லிப்ட் இருப்பதால் தாத்தா பாட்டியைக் கூட்டிப்போக இதுதான் சரி. ஆனால் அந்த லிப்ட்டே ஞாயிற்றுக்கிழமைகளில் இடிக்கும் இடம்: கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆட்களை ஏற்ற முடியும், வரிசை நீண்டால் ஐந்து மணிக் கணக்கு நெருக்கும். வார நாளில் மூன்று மணிக்கே போய் நிற்பது நல்லது.

இங்கே காலை வேளைக்கும் பயன் உண்டு. கடலை விட்டு ஊர்ப் பக்கம் திரும்பினால் காலை வெயில் மயிலாப்பூர் மேல் விழும். கபாலீசுவரர் கோபுரம், தொலைவில் பரங்கிமலை. தெற்கே சாந்தோம் தேவாலயக் கூர்கோபுரம், காலடியில் நொச்சிக்குப்பத்துப் படகுகள். ஊர் பார்க்கக் காலை, கடல் பார்க்க மாலை. மாலையில் கோபுரத்தின் நிழலே மணலில் நீண்டு விழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். பாறைக் கரை வேண்டும் என்பவருக்கு மட்டும் மெரினா ஏமாற்றம்தான்.

அவர்களுக்கு முட்டம். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் நாகர்கோவில்; அங்கிருந்து பஸ். கரடுமுரடான பாறைக் கடற்கரை என்றால் இந்த மூன்றில் முழுப் பொருத்தம் இதுதான்: கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முனை, அதன் மேல் கோபுரம். வெயில் கணக்கு மட்டும் தலைகீழ். கடல் தெற்கிலும் மேற்கிலும் இருப்பதால் முன்பகலில்தான் கடலுக்கு நிறம். மாலையில் சூரியன் கடல் பக்கம் சாயும். அஸ்தமனம் பார்க்கப் போகிறவர் கோபுரம் ஏற வேண்டிய அவசியமே இல்லை, கீழே பாறையிலேயே உட்காரலாம்.

உட்காரும் இடம் முக்கியம். பாறையில் கறுப்பாகவோ பச்சையாகவோ ஈரப் பட்டை தெரிந்தால் அதுவரை அலை வருகிறது என்று அர்த்தம். அதற்கு மேலே, காய்ந்து வெளுத்த பாறையில் இருங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் அங்கேகூட வேண்டாம். கள்ளக்கடல் என்றால், காற்றே இல்லாத தெளிந்த நாளில் தூரக் கடலில் கிளம்பிய அலை திடீரென்று ஏறி வருவது. 2024 மே மாதம் அதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனும் கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. ரயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் முட்டத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாமல்லபுரத்துக்கே போவதென்றால், சென்னையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்பினால் பாதி வெயில் ஈ.சி.ஆரிலேயே தீர்ந்துவிடும். காலையிலேயே போய் ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் முடித்து, மூன்றரைக்குக் கோபுர வாசலில் இருங்கள். டிக்கெட் கொடுப்பதை மூடும் நேரத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவார்கள்.