கரிவாயு: கல்லாகவா, எண்ணெயாகவா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் மாமாவுக்கு ஒரு சிமெண்ட் கல் பட்டறை. காற்றில் கலக்கவிடாமல் பிடித்து வைத்த கரிவாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, என்ன செய்யலாம் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

ஒன்று, கனடாவில் ராபர்ட் நிவென் தொடங்கிய கார்பன்கியூர் நிறுவனத்தின் வழி. கான்கிரீட் கலவை சுழலும்போதே வாயுவைப் பீய்ச்சுகிறார்கள். அது சிமெண்டில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல் துகளாகிவிடும். அப்புறம் கட்டடத்தை இடித்தாலும் வாயு வெளியே வராது. வலுவும் கூடுவதால் சிமெண்டைக் கொஞ்சம் குறைக்கலாம். "சிமெண்ட் மிச்சம்னா சரி" என்றார் மாமா, கையில் ஒட்டிய சாந்தைத் தட்டியபடி. என்ன, ஒரு கலவைக்குள் போகும் வாயு கொஞ்சம்தான்.

இன்னொன்று, எட்டோஷா கேவ் கூட்டாகத் தொடங்கிய ட்வெல்வ் நிறுவனத்தின் விமான எரிபொருள். மின்சாரத்தால் வாயுவையும் தண்ணீரையும் உடைத்து, கிடைப்பதை ஃபிஷர்-ட்ரோப்ஷ் என்ற வேதிமுறையில் சேர்த்து எண்ணெயாக்குகிறார்கள். இங்கே செகுண்டா ஊரில் சசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுப்பதும் இதே முறையில்தான். இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் எரித்ததும் வாயு திரும்ப வானத்துக்கே. அதோடு நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது. அதை வைத்துச் செய்தால் பிடித்ததைவிட அதிக வாயு வெளியேறும், கணக்கே தலைகீழ். சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும்வரை நான் மாமாவின் பட்டறைப் பக்கம்தான்.