தொலைநோக்கியா, ஒரு மீட்டர் கம்பியா?

காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளிக்கு வானியல் சாதனம் வாங்கித் தர முன்னாள் மாணவர் ஒருவர் முன்வந்தார். காற்றடைத்த கோளரங்கக் கூடாரம், தொலைநோக்கி, நிழல் பார்க்கும் கம்பி என்று மூன்று யோசனைகள் வந்தன. நான் கம்பியின் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

கூடாரம் அழகுதான். ஆனால் உள்ளே பிள்ளைகளுக்கு வேலை ஒன்றும் இல்லை, அண்ணாந்து பார்ப்பதோடு சரி. வாடகைக்கு வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அதன் பராமரிப்பைப் பற்றிப் பேச மாட்டேன்.

தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் இருட்டுவதற்குள் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுகிறார்கள். இரவில் கூட்டினாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆடிக் காற்றில் குழல் வேறு ஆடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது விலை அல்ல. பிள்ளை தான் நினைத்தது சரியா என்று தானே சோதித்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும், உச்சி வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேளுங்கள். பன்னிரண்டு மணிக்கு நிழலே இருக்காது என்பார்கள் பலர், வடக்கே விழும் என்பார்கள் சிலர். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வெளியே கூட்டிப் போங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்துக் கம்பியை நேராக நிறுத்தி, 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். "சார், நெழலு தெக்கால விழுகுதுங்க!" என்று ஒரு பிள்ளை கத்தும்போது பாடம் தொடங்கிவிட்டது.

ஜூன் 21-ல் சூரியன் 23.4° வட அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறது, நாம் இருப்பது 11°-ல். மிச்சம் 12.4°, அதாவது ஒரு மீட்டர் கம்பிக்குத் தெற்கே 22 செ.மீ. நிழல். அது மிகவும் குறுகுவதும் பன்னிரண்டுக்கு அல்ல, 12.22 வாக்கில். நம் கடிகாரம் 82.5° தீர்க்கரேகைக்கானது, காங்கேயமோ அதற்கு ஐந்து டிகிரி மேற்கே. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள். மீதி இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதை அப்போது சொல்ல வேண்டாம். பிப்ரவரியில் அதே உச்சி 12.34-க்கும் நவம்பர் தொடக்கத்தில் 12.04-க்கும் வரும். அந்தப் புள்ளிகளையும் வைத்த பிறகு பூமியின் நீள்வட்டப் பாதையையும் அச்சின் சாய்வையும் எடுத்தால், கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

சூரியன் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் மார்ச் 21-ல் உச்சி நிழல் சுமார் 19 செ.மீ. இருக்கும். கம்பியும் நிழலும் சேர்ந்த முக்கோணத்தைத் தாளில் வரைந்து, கம்பியின் உச்சியில் உள்ள கோணத்துக்குக் கோணமானி வைத்தால் ஊரின் அட்சரேகையே கிடைத்துவிடும்.

சூரியன் நேர் உச்சிக்கு வந்து கம்பியின் நிழல் மறைந்துபோகும் நிழலில்லா நாள் நமக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி ஒன்று. ஏப்ரலில் தேர்வு நெருக்கும், ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம். மறைத்தால் மறுநாள் முயலுங்கள். ஒரு நாளுக்கு உச்சி நிழல் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் மாறும்.