தலையிடுவதா, ஒதுங்கி நிற்பதா: லிபியாவும் ருவாண்டாவும்

அடுத்த நாட்டில் ரத்தம் ஓடும்போது வல்லரசு உள்ளே போகலாமா என்று குழம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உயிர்கள்
ருவாண்டா, 1994 (ஒதுங்கினார்கள்): சுமார் 100 நாள் நடந்த இனப்படுகொலையில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். தலைநகர் கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில், ஐ.நா.வின் பெல்ஜிய அமைதிப்படையை நம்பி சுமார் 2,000 பேர் ஒண்டியிருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று படை அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. வெளியே காத்திருந்த கொலைக் கும்பலிடம் சிக்கியவர்களில் தப்பியவர்கள் சொற்பம். அப்புறமும் ஐ.நா. பாதுகாப்பு அவை, சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 ஆகக் குறைக்கத்தான் முடிவெடுத்தது. இதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.
லிபியா, 2011 (தலையிட்டார்கள்): கிளர்ச்சியாளர்கள் வசமிருந்த பெங்காசி நகரை நெருங்கிய ஆட்சியாளர் கடாபியின் படையை மேற்கு நாடுகளின் விமானத் தாக்குதல் தடுத்தது.

வல்லரசுக்குச் செலவு
ருவாண்டா: ஏறக்குறைய ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு சோமாலியாவின் மொகடிஷுவில் 18 வீரர்களை இழந்த அமெரிக்கா இங்கே வரத் தயாராக இல்லை.
லிபியா: பல மாத வான்போர்.

பிறகு
ருவாண்டா: படுகொலையை நிறுத்தியது அந்நாட்டுக் கிளர்ச்சிப்படைதான்.
லிபியா: மக்களைக் காக்க ஐ.நா.விடம் கிடைத்த அனுமதி ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன; துப்பாக்கிகள் மாலி நாடு வரை போயின. 2014இல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது.

சரி, எது எதற்கு? கண்ணெதிரே இனப்படுகொலை என்றால் ஐ.நா. அனுமதியோடு, உயிர்காக்கும் அளவுக்குத் தலையிட்டே ஆக வேண்டும். பிடிக்காத ஆட்சியை மாற்றத்தான் என்றால் ஒதுங்கியே இருக்கட்டும்.